பள்ளி நாளில் லீவு போட்டுச் சுற்றுலா: எப்போது போடலாம், எப்போது வேண்டாம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்து புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது என்று செய்தி வந்துவிடுகிறது. மே மாதம் முழுக்க வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் பள்ளி நடக்கிறது. இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் பெற்றோர் ஆண்டுதோறும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மிஸ், ஒரு நாலு நாள் லீவு போட்டா ஒண்ணும் ஆயிடாதே?"

நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவள் நான். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவும்கூட. அதனால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். வருடத்தில் ஒரு தடவையாவது குடும்பமாக வெளியூர் போவது பிள்ளைகளுக்கு அவசியம் என்று நினைப்பவள்தான் நான். லீவே போடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. எந்த வகுப்பில், எந்த மாதத்தில், எத்தனை நாள் என்று பார்த்துப் போடுங்கள் என்கிறேன். முக்கியமாக, விட்டுப்போன பாடத்தை வீட்டில் யார் உட்கார்ந்து சொல்லித்தரப் போகிறார்கள் என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டிப்படி பெற்றோருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. மே விடுமுறை வரை பொறுப்பது, காலாண்டு அல்லது அரையாண்டு விடுமுறையில் போவது, நீண்ட வார இறுதியோடு ஒன்றிரண்டு நாள் லீவைச் சேர்த்துக்கொள்வது, ஒரு வாரம் முழுசாக லீவு போட்டுவிட்டுப் போவது.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது?

விட்டுப்போகும் பாடம். எல்லாப் பாடமும் ஒன்றல்ல. சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டுப்போனால் பிள்ளை வீட்டில் வாசித்துத் தேறிவிடலாம். கணக்கில் அது நடக்காது. ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தும் வாரத்தைச் சொல்கிறேன். திங்கட்கிழமை ஒரே பகுதி (பின்னத்தில் கீழே இருக்கும் எண்) உள்ள பின்னங்களைக் கூட்டுவோம். செவ்வாய் மீச்சிறு பொது மடங்கை (எல்.சி.எம்.) திரும்ப எடுத்துப் பார்ப்போம். புதன், வியாழன் இரண்டு நாளும் வேறு வேறு பகுதி உள்ள பின்னங்கள். வெள்ளிக்கிழமை கலப்புப் பின்னத்துக்குப் போய்விடுவோம். நடுவில் மூன்று நாள் வராத பிள்ளை வெள்ளிக்கிழமை வந்து, பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடும். அப்புறம் ½ + ⅓ என்று கொடுத்தால் மேலே ஒன்றையும் ஒன்றையும் கூட்டி, கீழே இரண்டையும் மூன்றையும் கூட்டி ⅖ என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டும். நோட்டில் எல்லாப் பக்கமும் இருக்கும், கணக்கு மட்டும் தெரியாது.

வகுப்பும் வருகைப் பதிவும். கல்வி உரிமைச் சட்டம் 2009 ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள் என்று சொல்கிறது. சி.பி.எஸ்.இ.யில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அந்தக் கணக்கில் ஐந்து நாள் லீவு என்பது இரண்டரை சதவீதத்தைத் தாண்டாது. விதியைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து நாளோடு காய்ச்சல் லீவு, மாமா வீட்டுக் கல்யாணம், குலதெய்வம் கோயில் கொடை, காதுகுத்து எல்லாம் சேரும். சுற்றுலாவைத் தனியாகப் பார்க்காமல், இந்த வருடம் ஏற்கெனவே எத்தனை நாள் போயிருக்கிறது என்று டைரியை ஒரு தடவை புரட்டுங்கள்.

போகிற ஊரின் பருவம். இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. நாம் லீவு கிடைக்கும்போது போகிறோம், ஊர் அழகாக இருக்கும்போது போவதில்லை.

முழுச் செலவு. ரயில் டிக்கெட்டும் அறை வாடகையும் மட்டும் செலவு இல்லை. திரும்பி வந்தபின் டியூஷனில் கூடுதலாக உட்கார வைப்பது, பெரியவர்கள் போடும் சம்பளமில்லா லீவு இரண்டும் அதில் சேரும்.

கூட வருகிறவர்கள். தாத்தா பாட்டி வருகிறார்களா, வெளிநாட்டிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறதா என்பது சில நேரம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிசாகிவிடும்.

பிள்ளையின் மனசு. நூறு சதவீத வருகைப் பரிசுக்காக ஜூனிலிருந்து ஒரு நாள் விடாமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் கேட்காமல் லீவு போட்டுவிடாதீர்கள்.

## வழி 1: மே விடுமுறை வரை பொறுப்பது

பாடம் விட்டுப்போகாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. பிள்ளை பத்து நாள் தாத்தா ஊரில் இருந்துவிட்டு அங்கிருந்தே சுற்றுலா கிளம்பலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மறைவான செலவு கூட்டம்தான். மே மாதம் தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்புகிறார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு இடத்துக்கும் இ-பாஸ் (வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) வந்தது. 2025இல் ஏப்ரல் முதல் சீசன் மாதங்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் அறை போட வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலிலும் போகலாம். 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரம் ஏறும் அந்த ரயில் பிள்ளைகளுக்குத் தனி அனுபவம். ஆனால் மே மாத டிக்கெட் முன்பதிவு திறந்த உடனேயே தீர்ந்துவிடும்.

முன்பதிவில் இன்னொரு சிக்கல். 2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாள் முன்னால்தான் பதிவு செய்ய முடியும். மே முதல் வாரத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் போட வேண்டும். பள்ளியின் முழு ஆண்டுத் தேர்வு அட்டவணை பல நேரம் அதற்குப் பிறகுதான் கைக்கு வருகிறது. வெயிலைக் காரணமாக வைத்துத் தேதிகளும் மாறும். 2025இல் தொடக்க வகுப்புகளுக்குத் தேர்வை முன்னால் இழுத்தார்கள். 2023இலும் 2024இலும் ஜூனில் பள்ளி திறப்பதைத் தள்ளி வைத்தார்கள். கடைசித் தேர்வுக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று நாளாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.

வெயிலையும் மறக்கக்கூடாது. தஞ்சாவூர் பெரிய கோயிலையும் ராமேஸ்வரத்தையும் மே மாதம் பார்க்கப் போனால், மத்தியானம் கருங்கல் தரையில் வெறுங்காலோடு பிள்ளை ஓடிக்கொண்டேதான் இருக்கும், எதையும் நின்று பார்க்காது. டெல்லி, ஆக்ரா, ராஜஸ்தான் பக்கம் மே மாதம் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். காஷ்மீர், சிக்கிம், இமாச்சல் என்றால் மே நல்ல மாதம்.

இன்னொன்று. ஒன்பது முடித்துப் பத்துக்குப் போகிற பிள்ளைக்கும், பதினொன்று முடித்துப் பன்னிரண்டுக்குப் போகிற பிள்ளைக்கும் பல தனியார் பள்ளிகளில் மே மாதம் முழு விடுமுறையாக இருப்பதில்லை. சிறப்பு வகுப்பு, நீட் கோச்சிங் என்று ஏதாவது இருக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

## வழி 2: காலாண்டு, அரையாண்டு விடுமுறை

என்னைக் கேட்டால், காலாண்டு விடுமுறையை நம் பெற்றோர் சரியாகப் பயன்படுத்துவதில்லை. செப்டம்பர் கடைசியில் தேர்வு முடிந்து அக்டோபர் தொடக்கம் வரை கிடைக்கும் இந்த நாட்களில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது. வயநாடு, குடகு, வால்பாறை எல்லாம் பச்சையாக இருக்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும். மைசூர் தசரா பல ஆண்டுகளில் இந்த நாட்களிலோ இதை ஒட்டியோ வரும். அரண்மனை விளக்கொளியைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு இதில் இன்னொரு நன்மை. சமச்சீர்க் கல்வியில் அவர்களுக்கு மூன்று பருவம், பருவத்துக்குத் தனித்தனிப் புத்தகம். காலாண்டோடு முதல் பருவம் முடிகிறது. பாடத்தில் ஒரு தொடர்ச்சி அறுபடும் இயல்பான இடம் இது. இங்கே ஒரு நாள் முன்னோ பின்னோ நீண்டாலும் பெரிய சேதம் இல்லை. கடைசித் தேர்வு முடிந்து விடுமுறை விடும்வரை உள்ள ஒன்றிரண்டு நாளில் புதுப் பாடம் நடத்துவதும் அரிது. விடைத்தாள் கொடுப்போம், அவ்வளவுதான். அதை மட்டும் மறக்காமல் வாங்கிப் பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி விடுமுறை விடுவதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு வாரம் கிடைக்கும்போது சில சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஆயுத பூஜை, விஜயதசமி மட்டும் விடும். அண்ணன் ஒரு பள்ளி, தங்கை ஒரு பள்ளி என்றால் இந்த விடுமுறை பாதியாகச் சுருங்கிவிடும்.

அரையாண்டு விடுமுறை வேறு கதை. கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கிப் புத்தாண்டு வரை போகும். வேடந்தாங்கலில் பறவைகள் வந்திருக்கும், வெயில் இருக்காது. சென்னையிலிருந்து காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டுத் திரும்பும் தூரம்தான். ஆனால் புதுச்சேரி, ஊட்டி, கொடைக்கானலில் அறை வாடகை புத்தாண்டுக்கு ஏறி நிற்கும். கன்னியாகுமரியில் சபரிமலை சீசன் கூட்டம். 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு படகுக்கு நிற்கும் வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. மழையும் புயலும் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அடுத்து வந்த தென்மாவட்ட வெள்ளமும் அரையாண்டுத் தேர்வுகளையே தள்ளிப்போக வைத்தன. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜனவரியில் திருப்புதல் தேர்வு வந்துவிடும் என்பதால் அந்தப் பிள்ளைகளை அரையாண்டு விடுமுறையில் நீண்ட பயணத்துக்கு இழுக்காதீர்கள்.

## வழி 3: நீண்ட வார இறுதியும் ஒன்றிரண்டு நாள் லீவும்

வியாழக்கிழமை அரசு விடுமுறை வந்தால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு நான்கு நாளாக்கிக்கொள்வது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒரு நாள் லீவு பாடத்தில் பெரிசாகத் தெரியாது. அதுவும் வெள்ளிக்கிழமை வகுப்பில் பாதிப் பேர் இல்லை என்றால் நாங்களே புதுப் பாடம் தொடங்காமல் பயிற்சிக் கணக்கு கொடுத்துவிடுவோம்.

இதன் மறைவான செலவு திங்கட்கிழமை முதல் பீரியடில் தெரியும். ஞாயிறு ராத்திரி ஊரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் இறங்கி, குளித்து, சீருடை போட்டு நேரே வகுப்புக்கு வந்த பிள்ளையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். தலை ஈரமாக இருக்கும், கண் சிவந்திருக்கும், ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா கோடு கீழே இழுத்துக்கொண்டு போகும். வருகைப் பதிவில் அந்தப் பிள்ளைக்கு முழு வருகை. உண்மையில் அன்றைக்கும் பாடம் போயிற்று.

அதனால் வெள்ளிக்குப் பதில் திங்கட்கிழமை லீவு போடுங்கள் என்பது என் யோசனை. சனிக்கிழமை காலையில் கிளம்புங்கள், ஞாயிறு மாலை கூட்டம் மலையை விட்டு இறங்கும்போது நீங்கள் மேலே இருங்கள், திங்கள் பகலில் திரும்புங்கள். பஸ் கட்டணமும் இறங்கியிருக்கும், பிள்ளையும் ராத்திரி வீட்டில் தூங்கிவிட்டு செவ்வாய் தெளிவாக வரும். அந்தத் திங்கட்கிழமை யூனிட் டெஸ்ட் இருக்கிறதா என்று மட்டும் டைரியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்துக்கு இந்த வழிதான் பொருத்தம். சீசன் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எல்லாமே பள்ளி நாள். சென்னையிலிருந்து ராத்திரி பொதிகை ரயிலில் ஏறினால் காலையில் தென்காசி. சனி, ஞாயிறில் மெயினருவியில் வரிசையில் நின்று தலையை நனைத்துவிட்டு உடனே நகர வேண்டியிருக்கும். திங்கள், செவ்வாயில் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் பிள்ளை ஆசை தீரக் குளிக்கலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. மலையில் பலத்த மழை பெய்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். இரண்டு நாள் லீவும் போட்டு, தண்ணீரைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வர நேரலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் நிலவரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

## வழி 4: ஒரு வாரம் முழுசாக லீவு

இதற்குத்தான் பெற்றோர் அதிகம் தயங்குகிறார்கள். தயங்குவது சரிதான். ஆனாலும் இதுதான் சரியான வழி என்று நானே சொல்லும் சூழ்நிலைகள் உண்டு.

முதலாவது, உறவுகள். வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் கோடை விடுமுறை. இங்கிலாந்தில் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க. அமெரிக்காவில் ஜூனிலிருந்து. அங்கேயிருந்து அத்தை பிள்ளைகள் வரும்போது நம் பிள்ளைகளுக்குப் பள்ளி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒன்றாகச் சேரும் பிள்ளைகள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மட்டும் பார்த்துக்கொள்வது போதாது. தாத்தா பாட்டிக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே எல்லோரும் ஒன்றாகக் காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போய்வர வேண்டும் என்றாலும் இதே பதில்தான். அடுத்த மே வரை தள்ளிப்போட முடியாத விஷயங்கள் இவை.

இரண்டாவது, ஊரின் பருவம். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் ஏற்றது. அந்த நாட்களில் நமக்கு நீண்ட விடுமுறை என்றால் டிசம்பர் கடைசி வாரம் ஒன்றுதான். அப்போது அங்கே கூட்டமும் கடும் பனிமூட்டமும், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமும். பொங்கல் விடுமுறையோடு மூன்று நான்கு நாள் லீவைச் சேர்த்தால் ஒரு வாரத்துக்கு மேல் கிடைத்துவிடும். ஒரே ஒரு தடவை வடக்கே போவதென்றால் இந்தக் கணக்கு பார்க்கத் தகுந்தது. இதே மாதிரி மூணாறு போக நினைப்பவர்கள் ஜனவரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள்.

மூன்றாவது காரணமாகப் பலர் சொல்வது பணம். சீசன் இல்லாத நாளில் போனால் அறையும் விமானமும் மலிவு. உண்மைதான். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஒரு வாரப் பள்ளியை விடாதீர்கள். பெரும்பாலான ரயில்களில் சீசனிலும் அதே கட்டணம்தான். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் எந்த மாதத்திலும் முழுக் கட்டணம். மிச்சமாகும் தொகையை எழுதிக் கூட்டிப் பாருங்கள், நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. அங்கே அனுமதியில்லாமல் ஐந்து நாள் பள்ளியை விட்டால் அபராதம். 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒருவருக்கு 80 பவுண்டு. 21 நாளில் கட்டாவிட்டால் 160. அபராதம் கட்ட மறுத்த ஒரு தந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2017இல் அவர் தோற்றார். ஆனாலும் பல குடும்பங்கள் அபராதத்தையும் மிச்சமாகும் விமானக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அபராதமே மலிவு என்று கிளம்பிவிடுகின்றன. இங்கே அபராதம் இல்லை என்பதால் ஒரு வார லீவுக்கு விலையே இல்லை என்று தோன்றிவிடுகிறது. விலை இருக்கிறது. அதைப் பிள்ளையும், சாயங்காலம் பிள்ளையோடு உட்காரும் அம்மாவும் கொடுக்கிறார்கள்.

லீவு போட்டுவிட்டு வந்த பிள்ளை நோட்டில் நாலைந்து பக்கம் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கும். "அப்புறம் எழுதிக்கிறேன் மிஸ்" என்று சொல்லும். ஏப்ரலில் நோட்டைத் திருத்தக் கொண்டுவரும்போதும் அந்தப் பக்கங்கள் அப்படியேதான் இருக்கும். அந்த வாரம் நடந்த குழுச் செயல்பாட்டுக்கு மதிப்பெண் விட்டுப்போயிருக்கும், ஆண்டு விழா நடனத்தில் அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்திருக்கும். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம். பத்து வயசுப் பிள்ளைக்கு இல்லை.

எந்த வகுப்புக்கு ஒரு வாரம் தாங்கும்? மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு நன்றாகத் தாங்கும். வாசிக்கத் தெரியும், பாடச் சுமை குறைவு, ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். ஆறு, ஏழு, எட்டில் கணக்கை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் சரி. ஒன்பதிலிருந்து வேண்டாம். எல்.கே.ஜி.யில் விட்டுப்போகப் பாடம் அதிகம் இல்லை என்று நினைத்து ஜூன், ஜூலையில் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அழுகையை நிறுத்தி இப்போதுதான் டீச்சரின் கையைப் பிடிக்கப் பழகிய குழந்தை, ஒரு வாரம் கழித்து வரும்போது கேட்டில் முதல் நாள் அழுகையை மறுபடி தொடங்கும். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும் மாதங்களிலும் இதே எச்சரிக்கைதான். பொங்கலுக்கு அப்புறம் போங்கள்.

## ஒரே பார்வையில்

| | மே விடுமுறை | காலாண்டு / அரையாண்டு | வார இறுதி + 1, 2 நாள் | ஒரு வார லீவு |
|---|---|---|---|---|
| விட்டுப்போகும் பாடம் | இல்லை | இல்லை | கொஞ்சம் | நிறைய, கணக்கில் அதிகம் |
| ஏற்ற வகுப்பு | எல்லாம், 9க்கு மேல் இதுவே | காலாண்டு எல்லோருக்கும், அரையாண்டு 10, 12 தவிர | 1 முதல் 8 | 3 முதல் 5, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் 6 முதல் 8 |
| ஏற்ற ஊர் | காஷ்மீர், இமாச்சல், சிக்கிம், தாத்தா ஊர் | மைசூர், குடகு, வயநாடு, வேடந்தாங்கல் | குற்றாலம், வால்பாறை | டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், உறவினர் கூடும் இடம் |
| மறைவான செலவு | கூட்டம், வெயில், இ-பாஸ் | பள்ளிக்குப் பள்ளி வேறு தேதி, டிசம்பரில் மழை, புத்தாண்டு வாடகை | தூக்கமில்லாத திங்கள் | டியூஷன், வெறும் பக்கங்கள், பெற்றோரின் சம்பளமில்லா லீவு |

## லீவு லெட்டரில் உண்மையை எழுதுங்கள்

லீவு லெட்டர் என்றாலே காய்ச்சல் என்று எழுதுவது நம் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. பயணத்துக்கு லீவு கேட்டால் பள்ளியில் மறுத்துவிடுவார்கள் என்ற பயம் பெற்றோருக்கு. ஆனால் திரும்பி வந்த அன்று "காய்ச்சல் சரியாயிடுச்சாம்மா?" என்று நான் உண்மையான அக்கறையில் கேட்கும்போது, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது பிள்ளைதான். அது ஊட்டியில் பார்த்ததையெல்லாம் வகுப்பில் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும், சொல்லவும் முடியாது. பயணத்தின் சந்தோஷத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. அப்பா அம்மா சொல்லிப் பொய் சொன்னோம் என்பது அதன் மனசில் தங்கிவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒரு வாரம் முன்னால் வகுப்பாசிரியரைப் பார்த்து, "குடும்பத்தோடு வெளியூர் போகிறோம், இத்தனை நாள் வர மாட்டான்" என்று சொல்லுங்கள். மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சிலவற்றில் முதல்வரின் முன் அனுமதி வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கிறவர்களும் இருப்பார்கள்தான். ஆனால் முன்கூட்டிச் சொன்ன பெற்றோரிடம், அந்த நாட்களில் எந்தக் கணக்கு நடத்தப்போகிறேன், எந்தப் பக்கம் என்று நான் எழுதியே கொடுத்துவிடுவேன். பெரும்பாலான ஆசிரியர்கள் அப்படித்தான்.

பயணத்துக்கு எல்லாப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒன்றையும் திறக்கமாட்டீர்கள், பிள்ளைக்குத்தான் பாரம். கணக்கு நோட்டு ஒன்று போதும், ரயிலிலோ காலையில் அறையிலோ இருபது நிமிஷம். மற்ற பாடங்களை, திரும்பி வந்த அன்றைக்கே ஒரு நண்பனின் நோட்டைப் படம் எடுத்து வாங்கி, அந்த வார இறுதிக்குள் எழுதி முடிக்க வையுங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் அந்தப் பக்கங்கள் நிரம்பாது.

## அக்கா பத்தாவது, தம்பி மூன்றாவது என்றால்?

அடிக்கடி வரும் கேள்வி இது. அக்காவைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தம்பியோடு மட்டும் போகலாமா என்று கேட்கிறார்கள். பொதுத் தேர்வு வருடத்தில் ஏற்கெனவே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அது. வீட்டில் தனியாக விட்டுவிட்டு, நீங்கள் அனுப்பும் படங்களைப் பார்க்க வைக்காதீர்கள். தம்பிக்காக லீவு போடுவதையும் இந்த ஒரு வருடம் மறந்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு எல்லோரும் இரண்டு நாள் பக்கத்தில் எங்காவது போய் வாருங்கள்.

பெரிய பயணத்தை ஏப்ரலுக்கு வையுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு 2025இல் ஏப்ரல் 15 அன்று முடிந்தது, முடிவு மே 16இல் வந்தது. நடுவில் இருக்கும் அந்த ஒரு மாதம் அக்காவுக்கு எந்தப் பாரமும் இல்லாத காலம். தம்பிக்கும் ஏப்ரலிலேயே தேர்வு முடிந்துவிடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் போனால் மலர்க் கண்காட்சிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஊட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதற்கு ரயில் முன்பதிவு பிப்ரவரி கடைசியில் திறக்கும். அக்கா திருப்புதல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. எந்த ஊர் என்று அவளையே கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.